நீல மூடி டப்பா

2021, மார்ச் 8

கர்த்தருக்குள் அன்பான இன்-சுக் அக்காவுக்கு,

ஒரே கட்டடத்தில் ஐந்து மாடி மேலே இருப்பவருக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். எங்கள் தாவோனுடைய அப்பா வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. மேசை போட இடம் கிடைத்தது பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்தான். நான் போனில் முணுமுணுத்தால்கூட அவர் காதில் விழும். அதனால்தான் நாம் பலகாரம் மாற்றிக்கொள்ளும் நீல மூடி டப்பாவில், தாமரைத் தண்டுப் பொரியலுக்கு மேலே இந்தத் தாள்.

அவர் சரியாக இல்லை, அக்கா. காலண்டரில் குறித்து வருகிறேன், பத்தொன்பது நாளாகச் செருப்பே போடவில்லை. திரையில் முகங்கள் தெரிகிறவரை “சரிங்க, முடிச்சிடலாங்க” என்று சிரிக்கிறார். அணைத்ததும் மெஷின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொள்கிறார். நேற்று “என்னங்க ஆச்சு?” என்று கேட்டேன்.

“நான் செத்துக் கெடந்தாலும் கம்ப்யூட்டர்ல என் பேர் பக்கத்துல அந்தப் பச்சைப் புள்ளி எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது” என்றார். அப்புறம், “யார்கிட்டயும் சொல்லிடாத” என்றார்.

மே மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. ஆபீஸ் குழுத் தலைவர் காதுக்குப் போனால் இவர் பெயரை ஓரம் கட்டிவிடுவார்கள். அந்தத் தலைவரின் மனைவியும் நம் சபைதானே. சொல்லாதே என்றவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். இது உங்களுக்கும் கர்த்தருக்கும் மட்டும்.

உங்கள் தங்கை
ஹே-ரான்

மார்ச் 10

என் செல்லத் தங்கை ஹே-ரானுக்கு,

படித்துவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் கடை மூடிய வருஷம் இப்படித்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நீ ஒன்று செய். காலையில் அவரைச் சட்டை போடச் சொல்லி, பையைத் தோளில் மாட்டி, வாசல்வரை போய் வழியனுப்பு. கட்டடத்தை மூன்று சுற்று சுற்றி வரட்டும். அதுதான் ஆபீஸ் போவது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடு. மூடினால் ஆபீஸ் பூட்டியாயிற்று. அதற்கும் தேறாவிட்டால் டாக்டரிடம் போவதில் வெட்கமில்லை.

உன் ரகசியம் என் வயிற்றுக்குள் இருக்கும். டப்பாவில் பாசிப்பயறு அடை வைத்திருக்கிறேன். சூடாக்கிக் கொடு.

அக்கா
இன்-சுக்

மார்ச் 29

அன்பு அக்காவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். முதல் நாள் “என்னை என்ன பள்ளிக்கூடப் பிள்ளைன்னு நெனச்சியா?” என்று சண்டை போட்டார். மூன்றாம் நாள் அவரே பையை எடுத்தார். சுற்றிவிட்டு வந்து வாசலில் நின்றுகொண்டு, “மேடம், இந்த ஆபீஸ்ல காபி தருவாங்களா?” என்கிறார். “புது ஆளுங்களுக்குத் தண்ணி மட்டுந்தான்” என்றேன். சிரித்தார், அக்கா. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

என் கல்யாணச் சீர் கட்டி வந்த சிவப்புத் துணியால் ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரை மூடுகிறேன். டாக்டரிடமும் போனோம், இரண்டு பஸ் மாறி, தெரிந்த முகம் இல்லாத பேட்டைக்கு. மாத்திரை சாப்பிடுகிறார், தூங்குகிறார். இதுவும் உங்களோடு இருக்கட்டும். டப்பாவில் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய்.

தங்கை
ஹே-ரான்

ஏப்ரல் 22

இன்-சுக் அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குழுத் தலைவர் திரையில் வந்தார். நான் கீரை அலசிக்கொண்டிருந்தேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது.

“கொஞ்ச நாள் பாரத்தை எறக்கி வைங்க. புதுப் பொறுப்பை வேற ஆள் பாத்துக்குவாங்க. எங்க வீட்டம்மா உங்களுக்காகத் தெனமும் ஜெபம் பண்றாங்க” என்றார்.

இவர் “நன்றிங்க, ரொம்ப நன்றிங்க” என்று தலை குனிந்தார். அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“யார்கிட்ட சொன்ன?”

“அக்காகிட்ட மட்டும்.”

“நானும் உன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார். புதன்கிழமை சபையில் உங்கள் ஜெபக் குழுவின் விண்ணப்பத் தாளைப் பார்த்தேன். உங்கள் உருண்டைக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ‘ஆறாம் மாடிச் சகோதரர். வீட்டிலிருந்து வேலை. மனச்சோர்வு. மாத்திரை சாப்பிடுகிறார்.’ பெயர் போடவில்லை என்பீர்கள். ஆறாம் மாடியில் இருப்பது இரண்டே வீடு. இன்னொன்றில் எண்பது வயது விதவை.

நேற்று லிஃப்டில் ஒரு அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தைரியமா இருங்க தம்பி” என்றாராம். இவர் நடுவழியில் திரும்பி வந்துவிட்டார். இன்று பையைத் தொடவில்லை. ஏழு மணிக்கு நான் துணி போட்டேன், எடுத்துவிட்டார்.

ஏன் அக்கா?

ஹே-ரான்

ஏப்ரல் 24

என் தங்கமே,

சத்தியமாகக் கெட்ட எண்ணம் இல்லை. நான் ஒருத்தி ஜெபிப்பதைவிடப் பன்னிரண்டு பேர் ஜெபித்தால் கர்த்தர் சீக்கிரம் கேட்பாரே என்று நினைத்தேன். அந்தக் குழுத் தலைவர் வீட்டம்மா புருஷனிடம் சொல்வார் என்று கண்டேனா? உன் வீட்டுக்காரருக்கும் ஓய்வு கிடைத்ததே, அதையும் யோசித்துப் பார். மணி அடித்தேன், நீ திறக்கவில்லை. டப்பா நிறைய ஸ்ட்ராபெரி வைத்துக் கதவில் மாட்டியிருக்கிறேன். நவம்பரில் குளிர்காலத்துக்கு நான் யாரோடு கிம்ச்சி போடுவேன்? மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா

மே 17

பதினொன்றாம் மாடி அம்மாவுக்கு,

பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை.

ஸ்ட்ராபெரியைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டேன். உங்களுக்காக ஜெபிக்க முழங்கால் போட்டேன், வார்த்தை வரவில்லை. வரும்போது ஜெபிப்பேன். அதைத் தாளில் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

தவறு என்னிடமிருந்துதான் தொடங்கியது. அவர் என்னிடம் வைத்ததை நான் உங்களிடம் வைத்தேன். இன்று காலை நானே பையை எடுத்து நீட்டினேன். இருபத்தைந்து நாளுக்குப் பிறகு காலணி போட்டார். லிஃப்ட் வேண்டாமென்று படிக்கட்டில் இறங்கினார். “போயிட்டு வாங்க” என்றேன். காலடிச் சத்தத்தைத் தரைத்தளம்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட உங்கள் டப்பாவை நான் வெறுமையாகத் திருப்பியதில்லை. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். இந்தத் தாளைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை.

602ஆம் வீடு