கடைசி வரிசை நாற்காலி

பிப்ரவரி 8, ஞாயிறு. கடலூர்.

சிதம்பரத்தில் நாத்தனார் பேத்திக்கு வளைகாப்பு. என் மருமகள் கலாவுக்குக் கையெல்லாம் வெண்புள்ளி. மண்டப வாசலிலேயே சொன்னேன்: "நீ வளையல் போட வேணாம். பாக்குறவங்க முகம் சுளிப்பாங்க." கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

நான் எழுந்து மேடைக்குப் போனதும் நாத்தனார் சந்தனக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டாள்.

"நீங்க ஒக்காருங்க அண்ணி. அண்ணன் இருந்திருந்தா நீங்கதான் மொதல்ல."

திரும்பினால், என் இருக்கையில் வேறொருத்தி.

கலா பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்தாள். "இங்க வாங்க அத்தே. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதான் எடம்."

நம்மள மாதிரியாம்! கான்வென்டில் படித்தபோது பழகிய நிமிர்வோடு, விசேஷம் முடியும்வரை சுவரோரம் நின்றேன்.

வீடு திரும்பியும் முழங்கால் விண்ணென்று தெறிக்கிறது. சற்றுமுன் கலா தைலம் தேய்க்க வந்தாள். அந்தக் கையால் வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன். என்னாலோ குனிய முடியவில்லை.