நான் வழிமொழிந்த சும்மாச் சம்பளம்

அனுப்புநர்:
ஞானரட்ணம் அல்பேட்,
துணி ஆலைத் தொழிலாளி,
ஹேர்னிங், டென்மார்க்.

பெறுநர்:
குடும்ப இணைவு விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்.

பொருள்: பத்திரிகையில் வந்த என் படத்தைக் காரணமாகக் கொண்டு என் மனைவி, மகளின் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதிருக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி கிருபாமலரும் மகளும் கொழும்பில் ஒரு விடுதி அறையில் இருக்கின்றனர். அவர்களை இங்கு அழைப்பதற்கான விண்ணப்பம் தங்களிடம் உள்ளது. கோடையில் கேட்டபோது விரைவில் என்றார்கள். இப்போது பொறுத்திருங்கள் என்கிறார்கள். இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. அதை நானே எழுதித் தருகிறேன். வேறு யாரோ எனக்கு முந்தி எழுதித் தந்திருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

2. சென்ற செப்டெம்பரில் எமது மாலை மொழிவகுப்பு ஆசிரியை, நூலக மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். கோப்பியும் கேக்கும் இலவசம் என்றதுமே எனக்கு மனம் துணுக்கென்றது. தாடி வைத்த பெரியவர் ஒருவர் எழுந்து, வேலை செய்தாலென்ன செய்யாவிட்டாலென்ன, பணக்காரரென்ன ஏழையென்ன, எல்லோருக்கும் அரசாங்கம் மாதாமாதம் ஒரே சம்பளம் கொடுக்கவேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த டெனிஷில் அவ்வளவும் விளங்கியது. அவர் பேசி முடித்து அமர்ந்தார். அவருக்குப் பின் ஒருவரும் எழவில்லை.

3. ஐயா, நான் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருந்தவன். எங்கள் கூட்டங்களில் ஒருவர் பிரேரணையை முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழியவேண்டும். வழிமொழிய ஆளில்லாமல் ஒரு மனிதரை இருக்க விடுவது, அவரைச் சபையில் அவமானப்படுத்துவதாகும். அதுவும் இவர் என் கோப்பையில் கோப்பி ஊற்றித் தந்தவர். எனவே எழுந்து, கையை உயர்த்தி, வழிமொழிகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வழிமொழிந்தால்தான் விவாதம் தொடங்கும்; தொடங்கியதும் எதிர்த்துப் பேசுவதே என் எண்ணம். ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் படமெடுத்தார். பிறகு மறுபடியும் கோப்பி தந்தார்களே தவிர, என்னைப் பேச விடவில்லை.

4. அந்தக் கிழமைப் பத்திரிகையில், உயர்த்திய கையோடு என் படம். வேலை செய்யாமல் சம்பளம் கேட்கிறார் தமிழ் அகதி என்று கீழே போட்டிருந்தார்கள். என் அறையில் இருக்கும் இராசரத்தினம் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணை, சிரிச்சுச் சிரிச்சுக் கேக் தந்து உங்களை மாட்டிப்போட்டாங்கள். இனி அக்கா வந்த மாதிரித்தான்” என்றார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

5. நான் அந்தச் சம்பளத்துக்கு எதிரானவன். எங்கள் சங்கக் கடையில் ஒருகாலம் அரசாங்கத்தின் கூப்பன் அரிசி எல்லோருக்கும் கிடைத்தது. என் கையாலேயே அளந்து கொடுத்திருக்கிறேன். பிறகு வருமானத்தைச் சொல் என்றார்கள். உண்மையைச் சொன்ன எத்தனையோ பேருக்கு அரிசி நின்றது. மிச்சப் பேருக்கு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை கொடுத்தார்கள். விலைவாசி ஏற அதுவும் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. கொழும்பில் முடிவெடுத்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை. சனம் வெறும் பையோடு வந்து என்னைத்தான் ஏசியது. எல்லோருக்கும் என்று தொடங்குவது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

6. கொம்யூன் என்னும் நகரசபைக் கந்தோரில் இருக்கும் பெண் முன்பெல்லாம் தலையசைப்பதோடு சரி. இப்போது என்னைக் கண்டதும் சிரிக்கிறார். படம் என் கோப்பினுள் இருக்கிறது என்பது என் பலத்த சந்தேகம். ஆலையில் சாயம் போடும் பகுதியில் நான் செய்யும் வேலையைப் பற்றி மேற்பார்வையாளரிடம் விசாரிக்கலாம். விசாரிக்கும்போது சிரிக்காமல் விசாரித்தால் நல்லது.

ஆகவே, அந்தப் படம் கோப்பில் இருக்குமானால் இம்மனுவை அதற்கு மேலே வைக்குமாறும், இதை மொழிபெயர்ப்பவர் தன் அபிப்பிராயத்தைச் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுமாறும், விண்ணப்பத்துக்கு ஒரு முடிவு தருமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

பின்பு ஒருநாள் அந்தப் பெரியவரை பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். கைகொடுத்து நன்றி சொன்னார். அவரிடம் கேட்க மறந்ததைத் தங்களிடம் கேட்கிறேன். எல்லோருக்கும் என்றாரே, அதில் கிருபாமலரும் பிள்ளையும் சேர்த்தியா? சேர்த்தி என்றால், சம்பளம் வேண்டாம் ஐயா. ஆட்களை இங்கே வர விடுங்கள், போதும்.

இடம்: ஹேர்னிங்
திகதி: 17.11.1986

தபாலை நம்பாமல் நேரில் கொண்டுவந்து தரும்,
ஞா. அல்பேட்
(ஒப்பம்)