பாலாற்று மணலில் செல்வி

ஆவணி 12, வியாழன்.

மூன்று வயதாகியும் நடக்காத என் மகள் செல்வியை இன்றும் பாலாற்று மணலில் குழி தோண்டி, இடுப்பளவு புதைத்து நிற்கவைத்தேன். கால் உரம் பெறட்டும் என்று, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்ததும் இரண்டு மாதமாக இதேதான்.

ஆடு ஓட்டி வந்த காசிம் சிரித்தான். நல்லவன்தான்; அவன் ஆடுகள்தான் போன வாரம் என் துண்டைத் தின்றன.

"இன்னா தோஸ்த், புள்ளைய நாத்து நடறியா?"

"ஆமா, நீ வந்து தண்ணி ஊத்து," என்றேன். உள்ளே எரிந்தது.

பிறகு அவளை வெளியே எடுத்து நிறுத்தி, எதிரே உட்கார்ந்து கை நீட்டினேன். "அப்பாகிட்ட வாம்மா."

வந்தாள். என் கையைத் தட்டிவிட்டு, என்னைத் தாண்டி, ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப் போனாள். எட்டு அடி!

"டேய், நடக்குதுடா!" என்று காசிம்தான் கத்தினான்.

தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இறக்கிவிடச் சொல்லி வழியெல்லாம் உதைத்தாள். விலா இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.