நாலு பங்காளிகளும் ஒரு சுவர் அட்டவணையும்

வாடிப்பட்டிக்கு மேற்கே மூன்று வயலுக்கும் முக்கால் கிணற்றுக்கும் சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பன் காசிமாயன், கடல் தாண்டி மெல்போர்னில் இருக்கும் அருமை மகள் அஸ்வினிக்கு எழுதுவது. இங்கே எல்லோரும் வேளைக்குச் சோறும் விடிந்தால் சண்டையுமாகச் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே சௌக்கியமாக இருக்க வேண்டும். மண்வெட்டி பிடிக்கையில் நடுங்காத உன் அப்பாவின் கை பேனாவைப் பிடித்தால் நடுங்குகிறதாம், அதனால் பெற்றவர்கள் இருவருக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன். உன் அம்மா அன்னக்கொடிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நேற்று கன்றுக்குட்டியை விரட்டிக்கொண்டு திண்டுக்கல் ரோடு வரைக்கும் ஓடினாள், பஸ்ஸை முந்தினாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்துதான் நீ ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டு அவள் வருத்தப்படுகிறாள். முதலில் சாப்பிடு தாயி, பிறகு பாடம் நடத்து.

அங்கிருந்து போன் திரையில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நீ நடத்தும் அந்த வகுப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீ இரண்டு வாரம் கம்பெனி வேலையாக வகுப்புக்கு வர முடியாமல் போனாயே, அந்த நேரத்தில் இங்கே நடந்ததை உன் வகுப்புப் பிள்ளைகள் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. "அக்கா பயந்துருவாக" என்று மறைத்துவிட்டார்கள். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்குப் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சொல்லிக் கொடுக்கலாம் என்று ரம்யாஸ்ரீ டீச்சர் பழங்காநத்தத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து தலைமையாசிரியரிடம் மன்றாடி வாங்கிய பீரியடு அது. தலைமையாசிரியர் போட்ட நிபந்தனை உனக்குத் தெரியும். ஒடிந்த பெஞ்சுகளை அடைத்து வைத்திருக்கும் அறையைப் பிள்ளைகள் முப்பது நாளில் படிக்கும் அறையாக்கித் திறந்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் அந்தப் பீரியடு கணக்குக்குப் போய்விடும். உனக்குத் தெரியாதது, வேலையாட்களைக் கொண்டுவரும் பொறுப்பை உன் சித்தப்பன் நெஞ்சைத் தட்டி வாங்கிக்கொண்டது. கொத்தனார், வயரிங் பார்ப்பவர், தச்சர், பெயின்டர் என்று நாலு பேரையும் ஒரே சாயங்காலத்தில் நிறுத்தினேன். நாலும் நம்ம ஆட்கள், சொன்ன சொல் தவற மாட்டார்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் பேசிய பேச்சுக்கு மின்விசிறியே ஒரு நிமிடம் நின்று கேட்டது. டீச்சர் மட்டும், "நாலு பேரும் சொந்தமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். அதுதானே டீச்சர் விசேஷம் என்று சொல்லிவிட்டேன்.

வேலைகளை வரிசைப்படுத்திப் பிள்ளைகள் போட்ட அந்தச் சுவர் அட்டவணையை நீ போனில்தான் பார்த்திருக்கிறாய். நேரில் பார்த்தால் கப்பல் கட்டுகிறவர்கள்கூட வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போவார்கள். வயரிங் முடியாமல் பூசக் கூடாது, பூச்சு காயாமல் பெயின்ட் அடிக்கக் கூடாது, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று வண்ணக் காகிதத்தில் ஒட்டி நூல் கட்டியிருந்தார்கள். மழை வந்தால் என்ன, கரண்ட் போனால் என்ன, தச்சருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன என்று எல்லாவற்றுக்கும் மாற்று எழுதி வைத்திருந்தார்கள். பதினோராம் நாள் நம் காளைப் பெரியப்பா கண்ணை மூடினார். தொண்ணூற்றொரு வயது, எமன் மூன்று தடவை வந்து டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மனுசன். கருமாதி முடியும் வரை நம் வகையறாவில் பங்காளி எவனும் புது வேலையில் கை வைக்க மாட்டான் என்பது உனக்குத் தெரியும். கொத்தனார், வயரிங்காரர், தச்சர், பெயின்டர், நாலு பேரும் பங்காளிகள். நானும் பங்காளி. பதினாறு நாள், அறைச் சுவரைத் தொட ஆளில்லை.

அவர் போன மூன்றாம் நாள் துட்டி வீட்டுப் பந்தலில் நாற்காலி போட்டுத் துக்கமாக உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெரியப்பாவை நினைத்துப் பாதி, அந்த அறையை நினைத்துப் பாதி. உன் வகுப்பின் தலைவி பாண்டிமீனா, அந்த ஒல்லிப் பெண், நோட்டோடு வந்து துக்கம் விசாரித்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "மாமா, நாலு பேரும் ஒரே பங்காளியா? அப்ப எங்ககிட்ட இருந்தது நாலு ஆளு இல்ல, ஒரே ஆளு. இத நாங்க கேக்காம விட்டுட்டோம்" என்றாள். என் மேல் ஒரு குற்றம் சொல்லவில்லை, கேட்காதது தங்கள் தப்பு என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உள்ளே சுருக்கென்றது. பிறகு பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். கோடித்துணி கொண்டுவந்த மாமன் மச்சான்மார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "இவுகளுக்கும் தீட்டு உண்டா மாமா?" என்றாள். அவுகளுக்கு ஏது, பொண்ணு குடுத்த, எடுத்த வீடு என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் எழுந்துவிட்டாள்.

கொத்தனாரின் மச்சான் தங்கப்பாண்டி பசுமலைப் பக்கம் கட்டட வேலை பார்க்கிறவர். அவரிடம் போய் இவள் கெஞ்சவில்லை. உங்க மச்சான் ஆறு நாள்ல பூசித் தர்றேன்னு சொன்னாரு, அது நெசமாவே ஆகுற வேலையாண்ணே என்று ஒன்றும் அறியாதவளாகக் கேட்டாள். "அவனுக்கு ஆறு நாளா? மட்டப்பலகைய நேராப் புடிக்கவே அவனுக்கு ஆறு நாளாகும். நாலு நாளு, எழுதிக்க ஆத்தா" என்று அவர் மீசையை முறுக்க, இங்கிருந்து கொத்தனார், "எங்க பூசு மச்சான் பாப்பம், எம்புட்டு வெடிப்பு வருதுன்னு நான் எண்ணுறேன்" என்று கத்த, துட்டி வீடென்பதே எல்லோருக்கும் மறந்து போனது. வயரிங்காரருக்கும் பெயின்டருக்கும் இதே வைத்தியம் பலித்தது. தச்சரின் மச்சான் மட்டும் பூக்கடைக்காரர், அவர் தனக்குத் தெரிந்த தச்சரைப் பிடித்துக் கொடுத்தார். மறுநாள் அட்டவணையில் பழைய காகிதங்களைக் கிழிக்காமல் பக்கத்திலேயே புதியதை ஒட்டினாள், எங்கே தப்பினோம் என்று தெரிய வேண்டுமாம். மகளே, அம்பது வருசமாக இந்தச் சொந்தத்துக்குள் உருண்டு புரண்ட எனக்குத் தோன்றாதது பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு காப்பி ஆறுவதற்குள் தோன்றியது. நீ என்னதான் சொல்லிக் கொடுத்தாயோ, அது வெறும் பாடமில்லை.

இருபத்தொன்பதாம் நாள் பெயின்ட் காய்ந்தது, முப்பதாம் நாள் திறந்தார்கள். தலைமையாசிரியர் உள்ளே போய்ச் சுவரைத் தடவினார், சுவிட்சைப் போட்டார், ஜன்னலை இரண்டு தரம் திறந்து மூடினார். வெளியே வந்து, "கணக்குக்கு வேற பீரியடு பாத்துக்கலாம் டீச்சர்" என்றார். ரம்யாஸ்ரீ டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார், கண்ணாடியில் ஒன்றுமில்லை. அட்டவணையின் ஓரத்தில், அடுத்த முறை கவனிக்க வேண்டிய ஆபத்துகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மழை, மின்தடை, அதற்கு மேலே முதல் வரியில், "காசிமாயன் மாமா சிபாரிசு." படித்துவிட்டு நான் கோபப்பட வேண்டுமா, நீயே சொல். ஊரில் எத்தனை பேருக்கு மழைக்கு மேலே இடம் கிடைக்கும்? திறப்பு விழாப் பொறுப்புப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. வேலை, வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்வது. உதவிக்கு ஆள் தேவையில்லை என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாள் பாண்டிமீனா. நூற்றுப் பன்னிரண்டு சோடி மகளே, ஒன்று மாறவில்லை. போகும்போது அவள் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு மாமா" என்று டிக் அடித்தாள். அந்த டிக்கை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ தீர்க்காயுசோடு, கை தொட்டது எல்லாம் விளங்க, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அப்பா, அம்மா, சித்தப்பன் மூவரும் வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன்னால் சாப்பாடு. பாண்டிமீனாவிடம் இதையெல்லாம் நான் எழுதினேன் என்று சொல்லாதே, பட்டியலில் இரண்டாவது வரியும் எனக்கே வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பன்
காசிமாயன்
(செருப்புப் பொறுப்பு, சரிபார்க்கப்பட்டது)