ஜும்ஆ முடிந்த வெயிலில் நின்றவருக்கு

பிரதர்,

இன்று என் அபாயாவில் சாம்பிராணி வாசம். வீட்டுக்கு வந்து கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். அந்தப் பக்கமாகப் போன நிஸார் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்னடி இது, வேதக் கோயில்ல இருந்தா வாறாய்?"

"ஓம்" என்றேன்.

மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திய புருஷன், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரியும். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பிரதர் இருந்திருக்கோணும்" என்றார். அதனால்தான் நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் கழித்து இந்தக் கடிதம். அந்த வாசம் உங்கள் அங்கியின் வாசம். வேர்வையும் சாம்பிராணியும் சேர்ந்து, நீங்கள் வருவதற்கு முன்பே எங்கள் குடிசைக்குள் வந்துவிடும்.

தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, கற்பிட்டி வீதியோரத் தென்னந்தோட்டத்து முகாமில் கிடுகுக் குடிசை போட்டிருந்தோம். மண்நிற அங்கி, இடுப்பில் வெள்ளைக் கயிறு, சைக்கிள் கரியரில் ஒரு மரப்பெட்டியோடு நீங்கள் வந்து இறங்கினீர்கள். எங்களைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்ற வந்திருக்கிறார் என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பெட்டிக்குள்ள பைபிளா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். நீங்கள் திறந்து காட்டினீர்கள். கொழும்பில் யார் யாரோ கழற்றிப் போட்ட பழைய மூக்குக்கண்ணாடிகள். என் மாமி பதினொரு கண்ணாடி போட்டுப் பார்த்தார். பன்னிரண்டாவதைப் போட்டதும் குர்ஆனை எடுத்து விரித்து ஒரு வரி ஓதினார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நீங்கள் சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

தகரக் கொட்டிலில் நீங்கள் வகுப்புத் தொடங்கியபோது எனக்கு வயது இருபத்திமூன்று, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நோன்பு மாதத்தில் வகுப்பைக் காலைக்கு மாற்றினீர்கள். உங்கள் தண்ணீர்ப் போத்தலையும் அந்த மாதம் முழுக்கக் கொண்டுவரவில்லை. "நீங்க குடிங்க பிரதர், உங்களுக்கென்ன நோன்பா?" என்றால், "நான் மறதிக்காரன் தங்கச்சி, வீட்டில விட்டிட்டன்" என்பீர்கள். முப்பது நாளும் மறதி! எதைக் கொடுப்பதற்கு முன்பும் ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். "கேட்டுட்டுத்தான் குடுக்கோணும்" என்பது உங்கள் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

என் விஷயத்தில் ஒரே ஒருமுறை கேட்காமல் விட்டீர்கள்.

பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுத நிஸாரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஒரு பிள்ளையைச் சுமப்பது போலத்தான் அந்தச் சம்மதத்தைச் சுமந்தேன். கடைசி நாள் நெருங்கிவிட்டது என்று எங்கள் எல்லோருடைய விண்ணப்பத்தையும் நீங்களே ஓர் இரவோடு இரவாக நிரப்பி அனுப்பிவிட்டீர்கள். உங்கள் கரையோரத்து ஆட்களிடையே பெண் கலியாணம் கட்டினால் புருஷன் பெயர் கூட ஏறிவிடும். அந்த வழக்கத்தில் என்னை நிஸார் ரஹீமா என்று எழுதிவிட்டீர்கள். எங்களில் அப்படி இல்லை. கட்டினாலும் கட்டாவிட்டாலும் மவுத்தாகி மண்ணுக்குள் போகும்வரை வாப்பாவின் பெயர்தான். என் அடையாள அட்டையில் நான் காசிம் ரஹீமா. அனுமதி அட்டை வந்தபோது நானும் உற்றுப் பார்க்கவில்லை. பிரதர் எழுதினது, பிழையாகுமா?

மண்டப வாசலில் மேற்பார்வையாளர் இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது வேற ஆள்" என்றார். கெஞ்சினேன். பின்னால் வரிசை நெருக்கியது. "தள்ளி நில்லுங்க" என்றார். தள்ளி நின்றேன். மணி அடித்தது, கதவைச் சாத்தினார்கள். உள்ளே எல்லோரும் தாளைத் திருப்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் முகாமுக்கு வந்து சேர முன்பே கதை வந்து சேர்ந்திருந்தது. வேறொருத்தியின் பெயரில் எழுதப் போய் ரஹீமா பிடிபட்டாளாம். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றது. நிஸார் பரீட்சைப் பேச்சை எடுக்கவே விடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பின்னேரம் நீங்கள் வந்தீர்கள். "பிழை என்ட பிழை தங்கச்சி. உங்கட வழக்கத்தைக் கேக்காமல் எழுதிட்டன்."

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "உங்களுக்கென்ன, பொண்டாட்டியா புள்ளையா? வந்து மன்னிப்புக் கேட்டுட்டு சைக்கிள்ல ஏறிப் போயிருவீங்க. இங்க இருந்து கதை கேக்கிறது நான்தானே!" தட்டிக் கதவை உங்கள் முகத்தில் அடித்துச் சாத்தினேன். அடுத்த கிழமையும் வந்தீர்கள். அதற்கடுத்த கிழமையும். நான் திறக்கவில்லை. கிடுகு ஓட்டையால் உங்கள் செருப்பு மட்டும் தெரியும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அதை நான் பார்க்கவில்லை. நிஸார் வந்து சொன்னார். ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும்போது பள்ளிவாசல் கேற்றடியில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள். உள்ளே வந்து நிழலில் உட்காரும்படி மௌலவி கூப்பிட்டாராம். தானே அறிவிப்பதாகவும் சொன்னாராம். "இல்ல, நான்தான் சொல்லோணும்" என்று வெயிலிலேயே நின்று அத்தனை ஆண்களுக்கும் சொன்னீர்களாம்: "ரஹீமா தங்கச்சி ஒரு களவும் செய்யல்ல. அவட பேரைப் பிழையா எழுதினது நான். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க."

சொல்லி முடித்த நிஸார் செம்பில் தண்ணீர் வார்த்து மடமடவென்று குடித்தார். "அடுத்த வருஷம் நீ எழுது" என்றார். அவ்வளவுதான். ஒன்பது மாதம் நான் மன்றாடியதை நீங்கள் ஒரு வெயிலில் முடித்துவிட்டீர்கள். அன்று எனக்கு உங்கள்மேல் கோபம் போனது என்று எழுதினால் பொய். பொறாமைதான் வந்தது.

அடுத்த வருடம் விண்ணப்பத்தையும் பேனையையும் என் முன் வைத்துவிட்டு, யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். என் பெயரை நானே எழுதினேன். அதன் பிறகு எவருக்கும் நீங்கள் படிவம் நிரப்பியதில்லை, நிரப்பப் பழக்கினீர்கள். முகாமில் எத்தனை பெண்கள் பிறப்புச் சான்றுக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் தாங்களே எழுதிப் போட்டார்கள்! நான் ஆசிரியையானதும் அப்படி எழுதிப் போட்டுத்தான். கடைசியாகச் சிலாபம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, பக்கத்துக் கட்டில் மீன்காரருக்குப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இனி இன்றைய கதை. மாம்புரியில் என் வகுப்பில் ரொஷானி என்று ஒரு கத்தோலிக்கப் பிள்ளை. தாய் ஜசிந்தா, கோயிலில் ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிப்பவர். போன தடவை நேரம் போதாமல் சில பிள்ளைகளின் விண்ணப்பத்தில் பாடங்களை நானே குறித்தேன். ஓம் பிரதர், நானேதான்! உங்களிடம் அத்தனை படித்தும். பரீட்சையில் கத்தோலிக்கம் ஒரு பாடம், கிறிஸ்தவம் இன்னொரு பாடம். எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பு. கிறிஸ்தவம் என்று குறித்துவிட்டேன். அனுமதி அட்டையில் அதைக் கண்ட பிள்ளை, டீச்சர் போட்டது சரியாகத்தான் இருக்கும் என்று வாயே திறக்கவில்லை. படிக்காத வினாத்தாளை எழுதினாள். பெறுபேறு வந்தது. மற்றப் பாடமெல்லாம் நல்ல புள்ளியில் பாஸ், சமயத்தில் மட்டும் பெயில்.

ஊர் சும்மா இருக்குமா? ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் வேதம் சொல்லிக் கொடுக்கிறவளின் மகளுக்கே வேதம் தெரியாதாம். ஜசிந்தா இரண்டு ஞாயிறு மறைக்கல்விக்குப் போகவில்லை. விஷயம் விளங்கி நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். யன்னலால் பார்த்தார், கதவு திறக்கவில்லை. "மன்னிப்புக் கேட்டுட்டு நீங்க போயிருவீங்க டீச்சர். இங்க இருக்கிறது நாங்க" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. எனக்கு நெஞ்சில் அடித்தது போல இருந்தது. அடுத்த கிழமையும் போனேன், திறக்கவில்லை.

இன்று ஞாயிறு. காலைப் பூசை முடியும் நேரம் கோயில் வாசலில் போய் நின்றேன். கண்டுவிட்டு பாதர் இறங்கி வந்தார், தான் அறிவிக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஆட்கள் வெளியே வந்தார்கள்; பலர் என் பிள்ளைகளின் பெற்றோர். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "ரொஷானி பெயிலாகல்ல. அவட ஃபோர்ம்ல நான்தான் பாடத்தப் பிழையாப் போட்டேன். படிக்காத பேப்பர அவக்கிட்டக் குடுக்க வெச்சது நான். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க."

ஒருவரும் ஏசவில்லை. ஜசிந்தா கடைசியாக வந்தார். என்னைக் கடந்து நாலு அடி போய் நின்றார். திரும்பாமலே சொன்னார்: "பிள்ளை ரெண்டு நாளாச் சோறு தின்னல்ல. அவளுக்கும் இதை வந்து சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். திருப்பி எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் மகள் என்றேன். தாய் எனக்குப் பிளேன்ரீ ஊற்றி வைத்தார். முகம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அது அவருடைய பாடு. மறுபடியும் போவேன்.

உங்களுக்கு நன்றி சொல்ல எவ்வளவோ இருக்கிறது பிரதர்: மாமியின் கண்ணாடி, என் எழுத்து, என் சம்பளம், என் பிள்ளைகளின் படிப்பு. ஆனால் இன்று அந்த வாசலில் நின்றபோது என் இரண்டு காலும் கிடுகிடுவென்று நடுங்கின. நல்லவேளை, அபாயா நிலம்வரை இருந்தது. அப்போதுதான் விளங்கியது. அன்று அத்தனை ஆண்களுக்கு முன்னால் உங்களுக்கும் நடுங்கியிருக்கும். அங்கி மறைத்திருக்கிறது. நான்தான் இவ்வளவு காலமும் உங்களுக்கு அது லேசாக இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.