மலைச்சரிவில் முளைத்த சோளம்

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பச்சை இலை வரைந்த பேருந்தின் முன்னால், ஓட்டுநர் சட்டையில் நீ நிற்கும் படம் வந்து சேர்ந்தது. நம் சோளத்தில் எடுத்த எத்தனாலில்தான் அப்பா பஸ் ஓடுகிறது என்று சின்னவள் பள்ளி முழுக்கச் சொல்லி வருகிறாளாமே. படத்தைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

கூரை ஒழுகுவது நின்றது. என் முழங்கால் வலி நிற்கவில்லை.

கீழ்ப் புல்வெளியையும் உழுது எத்தனால் ஆலைக்குச் சோளம் போடலாம் என்று எழுதியிருந்தாய். 'நாம ஒரு மரத்தைக்கூட வெட்டலையேக்கா' என்றும். போன வாரம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம் பால்காரர் மலைச்சரிவில் காட்டை எரித்துச் சோளம் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பார்க்காமல் நம்பக் கூடாது என்று ஏறிப் போனேன். கரிந்த அடிமரங்களுக்கு நடுவே பயிர் முழங்கால் உயரம் நின்றது.

கோபமாகத்தான் கேட்டேன். 'நல்லா கேட்டீங்க போங்க, டீச்சரம்மா. இத்தனை வருஷம் உங்க சோளத்தைத்தான் என் மாடு தின்னுச்சு. இப்ப அது ஆலைக்குப் போகுது. என் மாடு என்ன, பெட்ரோலா குடிக்கும்?' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான்.

எந்தக் கணக்கையும் நான் லேசில் நம்பமாட்டேன், நான் பாடம் நடத்தும் மண்ணியல் துறையின் கணக்கையும் சேர்த்துத்தான். ஆனால் காடும் புல்வெளியும் பிடித்து வைத்திருக்கும் கார்பன், எரித்தாலும் உழுதாலும் காற்றுக்குத்தான் போகிறது. உன் பேருந்து மிச்சம் பிடிக்கும் புகை அதை ஈடுகட்டுவதற்குள் சின்னவளுக்கே நரைத்துவிடலாம். நாம் வெட்டவில்லை, வெட்ட வைத்திருக்கிறோம்.

கோபித்துக்கொள்ளாதே. நீ ஏற்பாடு செய்த டிராக்டரை நேற்று வாசலோடு திருப்பிவிட்டேன். 'உங்க தம்பி சொன்னாரே' என்றார் ஓட்டுகிறவர். 'அவனுக்கு அக்கா நான், போங்க' என்றேன். கீழ்ப் புல்லை அறுத்துக்கொள்ள விட்டு, மேல் வயல் சோளத்தில் பாதியைப் பழையபடி கொடுத்தால், மலையில் மிச்சமிருப்பதைத் தொடமாட்டேன் என்கிறார் பால்காரர். உனக்கு வருமானம் குறையும், தெரியும். நிலம் உன்னுடையதும்தான். நீ சரியென்று எழுதினால்தான் அவரிடம் வாக்குக் கொடுப்பேன்.

சின்னவளிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே. விடுமுறையில் கூட்டி வா. முதலில் புல்வெளியில் ஓடட்டும். அப்புறம் மலைக்கு நான் கூட்டிப் போகிறேன். கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். உன் அப்பா தப்புச் செய்தார் என்ற வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வராது.

பஸ்ஸைப் பார்த்து ஓட்டு. நன்றாக இரு.

உன் அக்கா