படத்தில் இல்லாத வரி

ஜூலை 7, திங்கள்

புதுப் படம் வந்திருக்கிறது. இந்தி. கதாநாயகனுக்கு வயது முப்பத்தொன்பது, இதுவரை ஒரு பெண்ணின் கையைக்கூடப் பிடித்ததில்லை. நண்பர்கள் கூடி அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறார்கள். நகைச்சுவைப் படம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எனக்கு நாற்பத்து நான்கு. முப்பது பக்கம் படித்தாயிற்று, நகைச்சுவை இன்னும் தட்டுப்படவில்லை.

"சுகுமாறண்ணே, ஒங்களுக்கு ஈசியான படம் லா," என்றான் முதலாளி ஜீவன். எந்த வகையில் என்று விளக்கவில்லை.

எனக்கு இந்தி தெரியாது. ஆங்கில வசனப் பிரதியைப் பார்த்து, திரையின் அடியில் ஓடும் துணைவரியைத் தமிழில் எழுதுவேன். பக்கத்து மேசை யோகேஸ்வரி படத்தோடு ஓட்டிப் பார்த்து, நீளம் கூடினால் வெட்டச் சொல்வார். ஆறு வருடமாக நான் எழுதுவதைக் கடைசிவரை படிக்கும் ஒரே ஆள். அலுவலகத்தில் என்னை 'அண்ணே' என்று கூப்பிடாத ஒரே பெண்ணும் அவர்தான். 'சார்' என்பார். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஆறு வருடம் ஓட்டலாம். ஓட்டியிருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

சாப்பாட்டு வேளையில் யோகேஸ்வரி சொன்னார்: "ஒரு மாப்பிள்ளை வந்திருக்கு சார். தேவானந்தன்னு பேரு. சிங்கப்பூர்ல வேலை. அம்மா, ஆடி பொறக்கறதுக்குள்ள பதில் சொல்லுன்னு நிக்கிறாங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?"

மாப்பிள்ளை தினமும் இங்கிருந்து சிங்கப்பூர்ப் பாலத்தைப் பஸ்ஸில் கடக்கிறாரா, மோட்டார் சைக்கிளிலா என்று கேட்டேன்.

ஏன் கேட்டேன்?

"மோட்டாருல," என்று டப்பாவை மூடினார்.

ஆடி பிறப்பது பதினேழாம் தேதி.

ஜூலை 11, வெள்ளி

யோகேஸ்வரியிடம் சொல்வதற்கு எட்டு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். எட்டும் விண்ணப்பக் கடிதம் போலிருக்கின்றன.

ஜூலை 14, திங்கள்

கடைசிக் காட்சி. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவனும் அவளும் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறார்கள். படம் முழுக்க இதற்காகத்தான் காத்திருந்தோம். அவன் சொல்வது: "மழை வரும் போலிருக்கிறது. போகலாமா?" இதற்கு அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

அதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "தினமும் உங்கள் பக்கத்தில் உட்காரத்தான் வருகிறேன். இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆயிற்று."

யோகேஸ்வரி ஆங்கிலப் பிரதியோடு ஒப்பிடுவார். அங்கே இப்படி ஒரு வரி இருக்காது. அப்போது புரிந்துவிடும். கோழையின் திட்டம்தான். ஆனாலும் திட்டம்.

ஜூலை 15, செவ்வாய்

பதினோரு மணிக்கு யோகேஸ்வரி ஹெட்போனைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கார் பார்க் சீன் சார்... அடேயப்பா, என்னமா சொல்றான்!"

"பிரதியோட ஒப்பிட்டீங்களா?"

"ஒங்க ஃபைலுக்கு நான் என்னைக்கு ஒரிஜினல் பார்த்திருக்கேன்? மத்தவங்களுக்குத்தான் அதெல்லாம். ஆனா வாய் ரெண்டு செகண்டுதான் அசையுது. கொஞ்சம் கொறைக்கணும் சார்."

பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "படத்துலதான் இப்படியெல்லாம் சொல்றாங்க. நேர்ல எவன் சொல்றான்?"

அந்த நிமிடம் என் முன்னால் அப்படியே நின்றது. நான் செய்யவேண்டியதெல்லாம் வாயைத் திறப்பது.

திறந்தேன். "'தினமும்'கிறத எடுத்துடலாம்," என்றேன்.

எடுத்துவிட்டார்.

ஜூலை 16, புதன்

யோகேஸ்வரி கேசரி கொண்டுவந்தார். நேற்று இரவே அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டாராம். முந்திரி நிறையப் போட்டிருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என்ன பிறவி நான்?

அவர் வீட்டுக்குப் போனபின் மழை வரியை அதன் இடத்தில் திரும்பப் போட்டு, படத்தை அனுப்பிவைத்தேன். மொழிபெயர்க்கத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்யாணம். தேவானந்தனிடம் கால் மணி நேரம் பேசிக் குறை தேடினேன். கிடைக்கவில்லை. நல்ல மனிதர்.

செப்டம்பர் 12, வெள்ளி

யோகேஸ்வரி வேலையை விட்டுவிட்டார். பக்கத்து மேசையில் இப்போது பிரிண்டர்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பிற்பகலில் அந்தப் படம் டிவியில் ஓடியது. நான் பார்க்கவில்லை. முடிந்ததும் யோகேஸ்வரியிடமிருந்து செய்தி.

"தீபாவளி வாழ்த்து சார். இப்பதான் ரெண்டு பேரும் பார்த்தோம். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஆனா கார் பார்க்ல அந்த வரி வரலியே? மழைன்னு என்னமோ வந்துச்சு?"

"படத்தில் அப்படி ஒரு வரி இல்லை. என் பிழை," என்று அனுப்பினேன்.

இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது:

"நீங்க பிழை விடுற ஆளு இல்லியே சார்."

இதற்கு இன்னும் பதில் போடவில்லை. அவர்களுக்குத் தலைத் தீபாவளி. இந்நேரம் வீட்டில் விருந்தாளிகள் வந்திருப்பார்கள்.